கவுன்சிலிங் என்றால் கதை கேட்கிறதுதானே, அதுக்கு ஏன் ஒரு ஆள்?

மார்ச் 3 (கேள்வி)

தங்கச்சிக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. கிளினிக்கில் மருந்தோட சேர்த்து உளவளத்துணைக்கும், அதுதான் இந்தக் கவுன்சிலிங், போகச்சொல்லித் துண்டு தந்திருக்கினம். அங்க என்னதான் செய்வினம்? கதைச்சா வருத்தம் மாறுமோ? எங்கட அம்மம்மா மாமரத்துக்குக் கீழ இருந்து கேட்காத கதையா? அவவுக்கு ஆர் சேட்டிபிக்கட் குடுத்தது? அனுபவப்பட்ட ஆக்கள் இருந்தா உண்மையைச் சொல்லுங்கோ. மாங்குளத்தில இருந்து எழுதுறன்.

மார்ச் 3, இரவு

அனுபவப்பட்ட ஆள் நான். 2013இல் கிளிநொச்சியில் அந்தக் கதிரையில் போய் இருந்தவள். பிறகு 2015 தொடங்கி இரண்டு வருடம் கள உத்தியோகத்தராகச் சைக்கிளில் வீடு வீடாகத் திரிந்து, மற்ற ஆட்களை அந்தக் கதிரைக்கு அனுப்பினேன். இப்போது கோழி வளர்க்கிறேன். ஆகவே யாருக்கும் ஆள் பிடிக்கவில்லை.

அம்மம்மா விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய அம்மம்மாவும் நல்லாய்க் கேட்பா. ஆனால் கதை கனக்கத் தொடங்கியதும் "சரி பிள்ளை, விடு, அடுப்பில பால்" என்று எழும்பிவிடுவா. என் தம்பி அவவுக்குப் பேரன். அவவால் தாங்க முடியாது. கவுன்சிலிங் அறையில் இருந்த மிஸ்ஸுக்கு அவன் யாரோ. அதனால் அவ எழும்பவில்லை.

அதோடு, அம்மம்மாவுக்குச் சொன்னது பின்னேரம் கிணற்றடிக்குப் போய்விடும். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மார்ச் 4

அறை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பொலிஸ் விசாரணை மாதிரி இருக்காது. இரண்டு கதிரை, நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சரித்துப் போட்டிருக்கும். விரும்பினால் மிஸ்ஸின் முகத்தைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் யன்னலுக்கு வெளியே நிற்கும் வேம்பைப் பார்க்கலாம். என் கதிரை கதவுப் பக்கம். பயந்தால் ஓடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மணிக்கூடு என் தலைக்குப் பின்னால் தொங்கியது. நான் அழும்போது அவ கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? அதற்குத்தான். மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஜக், ஒரு டிஷ்யூப் பெட்டி. அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்கு எரிச்சல், அழுதே தீரவேண்டும் என்று வைத்தது போல.

முதலில் அவ சொன்னது: இங்கே சொல்வது வெளியே போகாது, ஆனால் உங்களையோ வேறு யாரையுமோ காயப்படுத்தப் போகிறீர்கள் என்று தெரிந்தால் மட்டும் அடுத்தவரிடம் சொல்ல வேண்டி வரும். "எழுதுவீங்களோ?" என்று கேட்டேன். கொப்பியைத் திருப்பிக் காட்டினா. திகதியும் ஒரு இலக்கமும் இருந்தது, பெயர்கூட இல்லை.

ஒரு மணித்தியாலம். புத்தி சொல்ல மாட்டா, ஒன்றும் சொல்லித்தரவும் மாட்டா. கேட்பா.

மார்ச் 4, கொஞ்சம் பிந்தி

ஒரு மணித்தியாலம் இல்லை, முக்கால் மணித்தியாலம். பஸ்ஸுக்குக் காத்திருந்ததையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன்.

மார்ச் 6

"நானும் போனன், போனபிறகுதான் கூடிப்போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்புகிறேன். 2013க்கு முந்தி எனக்கும் நடந்தது.

யுத்தம் முடிந்து ஊருக்கு மீள்குடியேறிக் கொஞ்ச நாள். ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள், பெயர் வேண்டாம். பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்து இருபது பெண்களை வட்டமாக இருத்தினார்கள். நடந்ததிலேயே மோசமானதை ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். பன்னிரண்டு மணிக்குள் முடிக்கவேண்டும், சாப்பாட்டுப் பார்சல் வந்துவிடும். எனக்கு முன்னால் இருந்த அக்கா சொல்லச் சொல்ல என் காதுக்குள் இரையத் தொடங்கிவிட்டது. என் முறை வந்ததும் நானும் கொட்டினேன். எல்லோரும் அழுதோம். படம் எடுத்தார்கள். மீன்குழம்பு நல்லாய் இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பிறகு பதினொரு இரவு நான் படுக்கவில்லை.

பயிற்சிக்குப் போன இடத்தில்தான் விளங்கியது. ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடந்த வேலை. 1980களில் தீயணைப்புப் படை, அம்புலன்ஸ் ஆட்களுக்காகத் தொடங்கி, பிறகு அகப்பட்ட எல்லோருக்கும் செய்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது பலன் தெரியவில்லை, சிலருக்கு நோவு கூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலில் மூன்றே வேலை: பார், கேள், இணைத்துவிடு. 'கேள்' என்றால் சொன்னால் கேட்பது, துருவக்கூடாது. தண்ணீர் இருக்கிறதா, பிள்ளை எங்கே, யாரோடு சேர்த்துவிடலாம் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஜூடித் ஹேர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992இல் இதை மூன்று படியாகச் சொன்னார். முதலில் பாதுகாப்பு. அதற்குப் பிறகு நினைவுகூர்ந்து துக்கப்படுவது. பிறகு மனிதரோடு மறுபடி சேர்வது. எங்களை அந்த மண்டபத்தில் நேரே இரண்டாம் படியில் ஏற்றிவிட்டார்கள். வாசலில் காவலரண் இருந்தது. முதல் படி அந்த நேரம் வன்னியில் எங்குமே கட்டப்படவில்லை.

மார்ச் 7

"அப்ப கதைக்கவே கூடாதோ?" என்று மூன்று பேர் பாய்ந்துவிட்டீர்கள். அவசரமும் கட்டாயமும் பிழை என்றேன், அவ்வளவுதான். இனி கதைக்க வைக்கிற முறை ஒன்றையும் சொல்கிறேன்.

2015 பயிற்சியில் எங்களை வைத்தே செய்துபார்த்தோம். கொடிக்கயிறு ஒன்றை நிலத்தில் நீட்டாகப் போடுவது. ஒரு நுனி பிறந்த நாள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். எங்களுக்குச் செவ்வரத்தம் பூவும் றோட்டுப் போட வந்து மிஞ்சிய சல்லிக் கல்லும்தான் கிடைத்தது. வயது வரிசையில் வைக்கவேண்டும். நான் கடைசி யுத்தம் நடந்த 2009 இருக்கும் இடத்தில் ஒரு கை நிறையக் கல்லைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தேன். பயிற்றுநர் சொன்னா: "ஒவ்வொண்டா வையுங்கோ. எது முந்தி, எது பிந்தி?" அப்போதுதான் தெரிந்தது, எனக்கு எது முந்தி எது பிந்தி என்றே தெரியாது. தை, மாசி, பங்குனி எல்லாம் ஒரே நாள் மாதிரிக் கிடந்தது. இன்னொன்று: அந்தக் கயிற்றில் 1998இல் ஒரு பூ இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. முதல் கன்று பிறந்த வருடம். அதை மறந்தே போயிருந்தேன்.

கயிற்றின் மற்ற நுனியை விரிக்காமல் சுருட்டியே வைத்துவிடுவார்கள். அது இனி வரப்போகிற காலம்.

பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, பல நாள் இருந்து, ஆறுதலாகக் கதைப்பது. இதில் சூடான நினைவு, ஆறின நினைவு என்று இரண்டு சொல்வார்கள். மணம், சத்தம், நெஞ்சிடி எல்லாம் சூடானது. எந்த நாள், எந்த ஒழுங்கை, யார் பக்கத்தில் என்பது ஆறினது. பயங்கரம் நடந்தால் சூடானது தனியாகக் கிடந்து, லேண்ட் மாஸ்டர் உழவு மெஷின் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தத்துக்கே எழும்பிவரும். சூடானதைத் திகதியோடும் இடத்தோடும் சேர்த்துக் கட்டினால், அது "இப்போது நடக்கிறது" என்ற இடத்திலிருந்து "அன்று நடந்தது" என்ற இடத்துக்குப் போகும்.

சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளுக்கு இதைச் செய்துபார்த்து 2009இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் இப்படிக் கதை சொன்னார்கள், மற்றப் பாதி தியானமும் மூச்சுப் பயிற்சியும். ஆளுக்கு ஆறு தடவை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கதை சொன்ன பிள்ளைகளில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். 31 பேர் என்பது சின்னக் கணக்கு, அந்தப் பத்து வீதத்தை வைத்துச் சண்டை பிடிக்கவேண்டாம். எனக்குப் பிடித்தது, கதைக்காத பிள்ளைகளும் தேறினார்கள் என்பது.

மார்ச் 9

"சரி அக்கா, நீங்கள் என்ன கதைச்சீங்கள்?" என்று மாங்குளத்துத் தம்பி. இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்துவிட்டு இதைப் போடுகிறேன்.

முதல் நாள் தலையிடி பற்றி. எட்டு மாதமாகப் பனடோல். "தலையிடி எங்க இருந்து துவங்கும்?" என்று கேட்டா. பிடரியில் என்றேன். அதோடு நேரம் போய்விட்டது. இரண்டாம் நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவவும் ஒன்றும் கேட்கவில்லை. வேம்பில் இரண்டு அணில் ஓடியது. முக்கால் மணித்தியாலம் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரியும். மூன்றாம் நாள் மாடு.

2009 தை மாதம் விசுவமடுவிலிருந்து வெளிக்கிட்டபோது எங்கள் சிவலையை வேம்பில் கட்டினபடியே விட்டுவந்தேன். அவிழ்க்க ஒரு நிமிஷம் போதும். செல் குண்டு விழுகிறது, அம்மா கத்துகிறா, நான் தறப்பாளையும் அரிசிப் பையையும் தூக்கினேன். மாட்டை நினைக்கவில்லை.

நாலு கிழமை அந்த அறையில் மாட்டுக்கு அழுதேன். மனுசர் செத்த இடத்தில் மாட்டுக்கு அழுகிறேனே என்று எனக்கே வெட்கம். அவ "மாடுதானே" என்று சொல்லவில்லை. "இந்த மாடு உண்மையில் வேறு ஒரு ஆள்" என்று புத்தகம் படித்தவர் மாதிரியும் சொல்லவில்லை. எத்தனை ஈற்று, யார் பால் கறப்பது, என்ன முடிச்சு போடுவீங்கள் என்று கேட்டா. முடிச்சைக் கையால் காற்றில் போட்டுக் காட்டினேன்.

ஐந்தாம் கிழமை போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வாயில் வந்தது: "தம்பிக்கும் அப்படித்தான் சொன்னனான். இதில நில், அசையாத, நான் வாறன் எண்டு." அவன் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. நின்றான்.

அவ ஒன்றும் சொல்லவில்லை. ஜக்கைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவைத்தா.

அன்று பரந்தன் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இருக்க இடம் இருந்தும்.

மார்ச் 10

அப்படிக் கேட்பதற்கு ஏதாவது தியரி இருக்கிறதா என்று கம்பஸ் பிள்ளை ஒன்று கேட்கிறது. இருக்கிறது. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர், 1957. முக்கியமாக மூன்று: உறவு, நோக்கம், செய்யப்போகும் வேலை பற்றிய உடன்பாடு. இவை இருந்தால் ஆள் தானே வழி கண்டுபிடிக்கும்.

மார்ச் 10, இரவு

பிழை. மேலே எழுதின மூன்றும் எட்வேர்ட் போர்டின் 1979இல் சொன்னவை. ரோஜர்ஸ் சொன்னவற்றில் முக்கியமான மூன்று வேறு: அடுத்தவரின் இடத்தில் நின்று உணர்வது, தீர்ப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்வது, பொய் முகம் போடாமல் இருப்பது. ஏழு வருடமாகக் கோழியோடு இருந்தால் இப்படித்தான். பிள்ளை, சோதினையில் என் பதிலை எழுதிவிடாதே.

மார்ச் 15

இன்னொரு திருத்தம், இது பெரியது. "ஒன்றும் சொல்லித்தர மாட்டா" என்று மார்ச் 4இல் எழுதினேன். முழுப் பொய். சொல்லித்தந்தவற்றை இன்றைக்கும் செய்கிறேன், அதனால்தான் அவ தந்தது என்பதே மறந்துவிட்டது.

பயம் வரும்போது கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொடக்கூடிய நாலு, கேட்கும் மூன்று, மணக்கும் இரண்டு, ருசிக்கும் ஒன்று என்று எண்ணுவது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றால் வெகு சுகம்: உடைத்த தேங்காய், கற்பூரம், கச்சான்காரியின் குரல், கையில் சுடு கச்சான். ஐந்தும் ஒரே இடத்தில் கிடைக்கும். பிள்ளையார் எங்களுக்கு முந்தியே யோசித்துத்தான் அங்கே இருந்திருக்கிறார். திருவிழா வாணம் வெடிக்கும்போது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன்.

அடுத்தது கொப்பி. "தம்பியைக் கொன்றது நான்தான்" என்று எழுதி, நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் அதற்கு ஆதாரம், மற்றப் பக்கம் எதிர் ஆதாரம். இது ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் தொடங்கிய வழி. முதல் பக்கத்தில் ஒரே வரி: நில் என்று சொன்னேன். மற்றப் பக்கம் மூன்று கிழமை வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு நாள் கோழிக்கூடு கழுவும்போது, செல் நான் அடிக்கவில்லை என்று எழுதினேன். சிரிக்காதீர்கள். அந்த வரி எனக்கு நாலு வருடம் தெரியாமல் இருந்தது.

ஒன்று கவனித்தீர்களா, எங்கள் பக்கம் யாருமே "மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "அவ சரியான யோசினை" என்போம், "நெஞ்சு அடைக்குது" என்போம், பெருமூச்சு விடுவோம். நல்ல ஆள் அந்தச் சொல்லிலேயே நின்று கதைப்பார். "யோசிக்காதேங்கோ" என்று சொல்லுகிறவரிடம் திரும்பப் போகவேண்டாம்.

மார்ச் 21

காணாமல் போன ஆட்களின் வீடுகளைப் பற்றிக் கேட்டவருக்கு.

என் மாமி இன்றைக்கும் மகனுக்கு ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்து வைப்பா. நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், பயிற்சி முடித்த மிதப்பில், "மாமி, ஏற்றுக்கொண்டால்தான் மனம் ஆறும்" என்று சொன்னேன். மாமி மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. சரியான தண்டனை.

பவுலின் பொஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர் 1970களிலிருந்து இதைத் தெளிவற்ற இழப்பு என்று சொல்லிவருகிறார். உடல் இல்லை, செய்தி இல்லை, ஆள் மனதில் இருக்கிறார். இந்த நோவுக்கு முடிவு கட்டச்சொல்லிக் கேட்பதே பிழை, முடிவு இல்லாதது அந்த நிலைமையில்தான், அந்தத் தாயின் மூளையில் இல்லை என்கிறார். இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு சீவிக்க உதவுவதுதான் வேலை. இறந்ததாகச் சொல்லாமல், ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. மாமி அதையும் எடுக்கவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கினபோது போய் இருந்தா. அந்தக் கொட்டிலில் அவ சிரித்ததை எட்டு வருடத்துக்குப் பிறகு கண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கோப்பையைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை, எல்லோர் வீட்டிலும் ஒன்று கவிழ்ந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் பல காலம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றிக் கூட்டு மனவடு என்று எழுதினார். போர் தனி ஆளை மட்டும் உடைக்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் உடைத்தது. ஆகவே ஒரு ஆளை ஒரு அறையில் இருத்தித் திருத்துவது போதாது என்று. அம்மம்மாவின் மாமரத்துக்கு இப்போது கொஞ்சம் புள்ளி கூட்டிக் கொடுக்கிறேன்.

ஏப்ரல் 2

ஆம்பிளைகள் போவார்களா? ஒரு ஐயாவின் கதை. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற கதை என்பதால் எழுதுகிறேன். மனுசி இழுத்துவந்தா. ஐயா கதிரையில் இருக்கவில்லை. "இந்த பேன் சத்தம் போடுது" என்று கழற்றத் தொடங்கினார். அடுத்த கிழமை ஸ்குறூட்ரைவர் கொண்டுவந்தார். மூன்றாம் கிழமை, ஸ்டூலில் ஏறி முதுகைக் காட்டிக்கொண்டு, பேனுக்குச் சொல்லுவது போல எல்லாவற்றையும் சொன்னார். கீழே இருந்தவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

யுத்தம் முடிந்த முதல் சில வருடம் 'உளசமூகம்', அதாவது மனதுக்கும் ஊருக்கும் செய்யும் உதவி, என்று எழுதினால் அனுமதி எடுப்பது பெரும்பாடு. எங்கள் ஊரில் தையல் வகுப்பு என்று போட்டார்கள். மெஷினில் கண்ணை வைத்துக்கொண்டு பெண்கள் கதைத்த கதைகளைப் பார்த்தால், அந்த மண்டபத்து வட்டம் வெட்கப்படவேண்டும். சட்டைகள் மட்டும் கோணல்.

ஏப்ரல் 11

தம்பி, தங்கச்சி போய் ஒன்றும் கதைக்காமல் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, என்னுடைய அணில்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் "என்ன கேட்டவை?" என்று கேட்காதீர்கள்.

ஆனால் "இருந்து என்ன பிரயோசனம்" என்று அவ சொன்னதை அப்படியே விடக்கூடாது. சாக நினைக்கிறியா என்று நேரே, மெதுவாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது பிழை. ஓம் என்றால் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நடுச்சாமம் என்றால் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள், 24 மணி நேரமும் இருப்பார்கள்.

ஏப்ரல் 12

கேட்டீர்களா? சரி. நல்லது. மருந்தையும் நிற்பாட்ட வேண்டாம், இரண்டும் வேண்டும்.

மே 18

இன்றைக்குக் கேள்விகள் வேண்டாம். முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி குடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறேன்.

மே 27

நேற்று அம்மாவோடு முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது சிவலையைப் பற்றிச் சொன்னேன். பதினைந்து வருடத்துக்கு மேல் சொல்லாததை. அம்மா கத்தியை வைக்கவேயில்லை. "சிவலையோ? அதைக் கொப்பர் முதல் நாளே அவிட்டு விட்டவர். நீயும் பக்கத்தில நிண்டனீதானே."

பிரான்ஸில் இருக்கும் அக்காவுக்கு எடுத்தேன். அவ சொல்கிறா, அந்த வருடம் சிவலையே இல்லையாம், அதற்கு முந்தின கார்த்திகையிலேயே விற்றாச்சாம்.

எனக்கோ முடிச்சு கைக்குத் தெரிகிறது. தும்புக் கயிறு, பனியில் ஊறின ஈரம்.

அந்த மிஸ்ஸிடம் சொல்லவேண்டும் போல இருந்தது. மாற்றலாகிப் போய்விட்டாவாம். அந்த அறையில் இப்போது வேறு ஒரு ஆள், புதன்கிழமைகளில். வேம்பு நிற்கிறதாம். துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி, உங்கள் தங்கச்சிக்கும் புதன்தானே? வெளி வாங்கில் கோழி முட்டைக் கூடையோடு ஒரு ஆள் இருந்தால் நான்தான். தெரிந்ததாகக் காட்டவேண்டாம் என்று சொல்லுங்கோ.